தூங்கும் முன் தலையை ஆட்டும் பழக்கம்: கீழக்கரைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து, படுத்ததும் தலையை இடமும் வலமுமாக உருட்டி உருட்டித்தான் தூங்குகிறீர்கள். இப்போது வயது 28. துபாயில் இரண்டடுக்குக் கட்டிலில் மேல்தட்டு உங்களுடையது. கட்டில் ஆடுவதைப் பார்த்துக் கீழே படுத்திருந்தவர் ஒருநாள் செல்போனில் வீடியோ எடுத்து அறையில் எல்லோருக்கும் காட்டிவிட்டார். பகலிலும் சில நேரம் காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் ஆடுவீர்கள், அப்போது மனதில் கதை ஓடும். ஊருக்கு வந்த இடத்தில் நிக்காஹ் பேசி முடித்துவிட்டார்கள். கீழக்கரை வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் தங்க வேண்டும். தொட்டிலில் அளவுக்கு மீறி ஆட்டியதால்தான் இப்படி ஆனது என்று உம்மா தன்னையே நொந்துகொள்கிறார், ஏர்வாடி தர்காவுக்குப் போய் ஓதிப் பார்ப்போம் என்கிறார். இது மூளைக் கோளாறா, எப்படி நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதில் பாதிக்கு மேல் மறைப்பதைப் பற்றித்தான் இருக்கிறது: மற்றவர்கள் தூங்கும்வரை விழித்துக் கிடப்பது, மாமனார் வீட்டுக் கட்டில் சத்தம் போடுமோ என்ற பயம், அந்தப் பெண்ணிடம் சொல்வதா வேண்டாமா என்ற தவிப்பு. இன்னொருவரோடு ஒரே அறையில் வாழ எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது. இருக்கிறது. காரணங்களைச் சொல்கிறேன்.

நான் உளவியலாளர். ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர்களில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். மருந்து எழுதுகிற மருத்துவர் இல்லை. உங்களை நேரில் பார்க்கவும் இல்லை. அதனால் இங்கே நோயின் பெயர் சொல்லி முத்திரை குத்த மாட்டேன். எது உறுதி, எது சந்தேகம், எதற்கு மருத்துவர் வேண்டும் என்பதைப் பிரித்துச் சொல்ல முடியும்.

உறுதியானதிலிருந்து தொடங்குவோம். தூங்கப்போகும்போது தலையை உருட்டுவது, உடலை ஆட்டுவது, தலையணையில் தலையை முட்டுவது மருத்துவம் நன்றாக அறிந்த பழக்கங்கள். 1905இலேயே வியன்னாவில் சாப்பர்ட் என்ற குழந்தை மருத்துவரும், பிரான்சில் குருஷே என்பவரும் இதை எழுதி வைத்துவிட்டார்கள். இன்று இதைத் தூக்கம் சார்ந்த தாள அசைவு என்று வகைப்படுத்துகிறார்கள். தூக்க மருத்துவர்கள் வழக்கமாக எடுத்துச் சொல்லும் கணக்கின்படி 9 மாதக் குழந்தைகளில் 59 சதவீதம் பேருக்கு இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருக்கும். ஒன்றரை வயதில் அது 33 சதவீதம், 5 வயதில் சுமார் 5 சதவீதம். பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் தானாக நின்றுவிடுகிறது, மிகச் சிலருக்கு நிற்பதில்லை. அந்தச் சிலரில் படித்தவர்கள், வேலை பார்ப்பவர்கள், பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் எல்லாரும் உண்டு. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை எனக்குத் தெரியும் (அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்). அவர் வேறு ஏதோ விஷயமாக வந்திருந்தார். பின்மண்டையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி தேய்ந்து பஞ்சு மாதிரி இருந்தது. கேட்டபோது, "அது சின்னப் பிள்ளையிலேருந்து தலையை உருட்டி உருட்டித் தேஞ்சதும்மா" என்றார். தலையணை உறை மட்டும் சீக்கிரம் கிழியும் என்று அவர் மனைவி சொன்னார். அவர்கள் வீட்டில் இதற்கு அவ்வளவுதான் மரியாதை.

உம்மாவின் மனவருத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. தொட்டிலில் ஆட்டியதால் இது வரவில்லை. நம் பக்கம் தொட்டிலில் ஆடாத பிள்ளை ஏது? உத்தரத்தில் சேலைத் தொட்டில் தொங்கும், அதன் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டே கை ஓலைக் கொட்டான் முடைந்துகொண்டிருக்கும். அப்படி வளர்ந்த எத்தனையோ பேருக்கு இந்தப் பழக்கம் இல்லை. தொட்டிலே இல்லாமல் தனிக் கட்டிலில் போட்டு வளர்க்கும் நாடுகளிலும் பிள்ளைகள் ஆடுகிறார்கள். மேலே சொன்ன கணக்கெல்லாம் அந்த நாடுகளில் எடுத்ததுதான். அரை வயதை ஒட்டி, கையும் முழங்காலும் ஊன்றி முன்னும் பின்னும் அசைவது குழந்தை உடம்பின் இயல்பு. பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் என்று ஐந்தாம் மாதத்துக்கு ஒரு பருவமே வைத்து, குழந்தை ஒரு காலை மடக்கி, கையூன்றி, தலை நிமிர்ந்து ஆடுவதைப் பாடியிருக்கிறார்கள். நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய தமிழ்ப் புலவர்களும் உண்டு. உம்மாவிடம் சொல்லுங்கள்: தொட்டில் ஆட்டிய கைக்கு இதில் குற்றமே கிடையாது.

ஆட்டம் ஏன் தூக்கம் தருகிறது என்பதற்கும் ஓரளவு விடை இருக்கிறது. உள்காதில் உடலின் சமநிலையை உணரும் உறுப்புகள் இருக்கின்றன. சீரான அசைவு அவற்றின் வழியாக மூளைக்குப் போய்த் தூக்கத்துக்கு உதவுகிறது. ஜெனீவாவில் 18 இளைஞர்களை மெதுவாக அசையும் கட்டிலில் இரவு முழுக்கத் தூங்கவைத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான ஆய்வு அது. அசையாத கட்டிலில் படுத்த இரவைவிடச் சீக்கிரம் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனார்கள், ஆழ்ந்த தூக்கமும் கூடுதலாக இருந்தது. அதே சமயம் எலிகளில் நடந்த ஆய்வில், உள்காதின் அந்த உறுப்பு வேலை செய்யாத எலிகளுக்கு ஆட்டத்தால் பலன் கிடைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் நான் ஆடுவது நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் கட்டில் ஒருமுறை போய் வர 4 விநாடி எடுத்தது. உங்கள் தலை ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை உருளும். அதுவும் வேறொன்று உங்களை அசைக்கவில்லை, நீங்களே தசையை இயக்குகிறீர்கள். உடம்பு ஏன் இந்த வழியைத் தேடுகிறது என்பது இந்த ஆய்வால் புரிகிறது. உங்கள் பழக்கம் தூக்கத்தை மேம்படுத்துகிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

சந்தேகமான இடம் எது என்றால், ஏன் சிலருக்கு மட்டும் நிற்பதில்லை என்பது. ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு இருந்ததாகப் பதிவுகள் உண்டு, அதனால் பரம்பரைக்குப் பங்கு இருக்கலாம். பதற்றம், அலைச்சல், தூக்கமின்மை இருக்கும் நாட்களில் கூடுகிறது என்று என்னிடம் வந்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். நிக்காஹ் ஆனால் தானாக நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பகலில் பாட்டோடு ஆடுவதும் கதை ஓடுவதும் கொஞ்சம் வேறு விஷயம். அசைவோடு சேர்ந்த தீவிரமான கற்பனை பிள்ளைகளிலும் பெரியவர்களிலும் பதிவாகியிருக்கிறது. அளவுமீறிய பகற்கனவைப் பற்றி எலி சோமர் என்ற இஸ்ரேலிய உளவியலாளர் 2002இல் எழுதியதிலிருந்து அதைத் தனியாகவே ஆராய்கிறார்கள். அதைத் தனி நோயாகக் கொள்ளலாமா என்று இன்னும் பேச்சு நடக்கிறது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அது எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது? அரை மணி நேரம் ஆடிவிட்டு எழுந்து வேலைக்குப் போகிறீர்கள் என்றால் எனக்குக் கவலை இல்லை. சாப்பாடும் நண்பர்களும் தூக்கமும் போய், மணிக்கணக்கில் அதிலேயே கிடக்கிறீர்கள் என்றால் ஓர் உளவியலாளரைப் பாருங்கள். அப்போதும் பேச வேண்டியது ஆட்டத்தைப் பற்றி இருக்காது, அந்தக் கதைக்குள் போய் எதிலிருந்து ஒதுங்குகிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இருக்கும்.

ஏர்வாடிக்கு வருகிறேன். நம் கரையில், ஆடிக்கொண்டே உட்கார்ந்திருக்கிற ஒருவரைப் பார்த்தால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த ஊர்தான். அங்கே தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலைத் தீயில் சிக்கினார்கள். இறந்தவர்கள் 28 பேர். அதற்கு முன்பு, பக்கத்து ஊர்க்காரர்கள் போகிற வருகிற வழியில், கட்டப்பட்ட மனிதர்கள் முன்னும் பின்னும் ஆடுவதைப் பார்த்து வளர்ந்தார்கள். ஆடினால் பைத்தியம் என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது என்பது என் கணிப்பு. ஆனால் அடைத்து வைக்கப்பட்ட உடம்பு ஆடும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். 1989க்குப் பிறகு ருமேனியாவின் அநாதை இல்லங்களைத் திறந்து பார்த்தபோது தொட்டில் தொட்டிலாகப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். தூக்க ஆளில்லை, பேச்சுக் கொடுக்க ஆளில்லை. மனநோய் மருந்துகள் சிலவற்றால் ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும், அதிலும் ஆடுவார்கள். அந்த ஆட்டமெல்லாம் வேறு, தூங்கப்போகும்போது பத்து நிமிடம் தலையை உருட்டும் உங்கள் பழக்கம் வேறு. உம்மா ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அவர் மனதில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கலாம். தர்காவுக்குப் போவது அவருக்கு நிம்மதி தரும் என்றால் கூட்டிப்போங்கள், துஆ செய்துவிட்டு வாருங்கள். அங்கேயே தொழுகையோடு மருத்துவமும் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. ஆனால் கட்டிப்போடுவது, இரவு தங்கவைத்து அடிப்பது என்று யாராவது பேசினால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி சங்கிலியால் கட்டுவது குற்றம்.

சரி, மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்? உங்களுடையது சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, சீரான தாளத்தில் நடக்கிறது, யாராவது கூப்பிட்டால் நிறுத்திப் பதில் சொல்ல முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் நல்ல அடையாளங்கள். இதற்கு மாறாக, நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் முடிகிற வேகமான அசைவு, ஒரே இரவில் பலமுறை அச்சு அசலாக அப்படியே வருவது, நாக்கைக் கடிப்பது, சிறுநீர் போய்விடுவது, எழுந்ததும் குழப்பம் என்று இருந்தால் வலிப்பா என்று பார்க்க வேண்டும். பெரியவரான பிறகு புதிதாகத் தொடங்கினாலும் அப்படியே. கால்களில் ஊறுகிற மாதிரி அவஸ்தை இருந்து, அசைத்தால்தான் குறைகிறது என்றால் அது காலமைதியின்மை. இரும்புச்சத்துக் குறைவால் அது வரலாம், இரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் அளவு) பார்க்கச் சொல்வார்கள். புது மருந்து ஆரம்பித்த பிறகு இருப்புக்கொள்ளாமல் ஆடினால் அந்த மருந்தை எழுதியவரிடமே சொல்ல வேண்டும். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுவது இருந்தால் அதையும் சொல்லுங்கள், மூச்சுத்தடையோடு சேர்ந்து இந்த அசைவு வருவது உண்டு. அறை நண்பர் எடுத்த வீடியோ உங்கள் கையில் இருந்தால் அழிக்காதீர்கள். அவர் செய்தது தவறு. ஆனாலும் மருத்துவருக்கு ஆயிரம் வார்த்தைகளைவிட அது உதவும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். சந்தேகம் இருந்தால் மட்டும் மூளை மின்பதிவுக்கோ, வீடியோவோடு சேர்ந்த தூக்கப் பரிசோதனைக்கோ மதுரைக்கு அனுப்புவார்கள். நேரில் போவதற்கு முன்பு பேச வேண்டும் என்றால் 14416 என்ற அரசு எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இனி, குறைப்பது எப்படி. அடியோடு நிறுத்துவதை இலக்காக வைக்காதீர்கள் என்பதுதான் என் யோசனை. "இன்றைக்கு ஆடக்கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தால் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும், தூக்கம் வராத அந்த இடைவெளியில்தான் ஆட்டம் நுழைகிறது. ஆகவே அந்த இடைவெளியைச் சுருக்குங்கள். கண் செருகும்போது மட்டும் கட்டிலுக்குப் போங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், விடுமுறை நாளிலும் கூட. கட்டிலில் படுத்துக்கொண்டு போன் பார்ப்பதும், இஷா தொழுகைக்குப் பிறகு கடையில் உட்கார்ந்து டீ மேல் டீ குடிப்பதும் வேண்டாம். வீட்டில் ஊஞ்சல் இருந்தால் படுப்பதற்கு முன் கால் மணி நேரம் மெதுவாக ஆடிவிட்டுப் போங்கள். இதற்கு ஆய்வு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை, செய்து பார்த்த சிலருக்கு உதவியது, கெடுதல் எதுவும் கிடையாது. படுத்த பிறகு ஆட வேண்டும் என்ற உந்துதல் வரும்போது பக்கவாட்டில் திரும்பி, ஒரு தலையணையை மார்போடு அணைத்து, கன்னத்தை இன்னொன்றில் அழுத்திக்கொண்டு, மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுங்கள். ஓரிரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தால் உந்துதலின் வேகம் இறங்கும். பழக்கத்துக்கு எதிரான அசைவைப் பயிற்சி செய்யும் இந்த முறையை 1973இல் அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் எழுதினார்கள். விழித்திருக்கும்போது வரும் பழக்கங்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. அரைத்தூக்கத்தில் வருவதற்கு அந்த அளவு பலன் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கனமான போர்வை போர்த்தச் சொல்லி இணையத்தில் நிறையப் பேர் எழுதுகிறார்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் அது ஆகாத காரியம்.

கட்டில் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வெட்கத்தில் பாதி அந்தச் சத்தத்தில் இருக்கிறது. இரும்புக் கட்டிலின் போல்ட்டுகளை இறுக்கி, கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்துச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டால் சத்தம் பெரும்பாலும் அடங்கும். தரையில் மெத்தை போட்டுப் படுத்தால் சத்தமே இல்லை. துபாயில் கீழ்த்தட்டைக் கேட்டு வாங்குங்கள்.

மாத்திரையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குளோனசெபாம் சிறிய அளவில் சிலருக்கு உதவியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. ஆனால் அவை ஓரிருவரைப் பற்றிய குறிப்புகள், பெரிய அளவில் நடந்த சோதனைகள் இல்லை. எல்லாருக்கும் கேட்கவும் இல்லை. தொடர்ந்து எடுத்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும், திடீரென்று நிறுத்தவும் கூடாது. அடிபடும் அளவுக்கு ஆட்டம் இருந்தாலோ, பகலில் தூங்கி விழுந்தாலோ மருத்துவர் அதை யோசிக்கலாம். உங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஐக்கிய அரபு அமீரகத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. முன் அனுமதி இல்லாமல் பெட்டியில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் இறங்கினால் வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று ஒரு அட்டையைக்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். நிக்காஹ்வுக்கு முன்பே சொல்லுங்கள். மறைத்து வைத்தால் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், அப்போது அவர் மனதில் எழும் கேள்வி தலை ஆடுவதைப் பற்றி இருக்காது, வேறு என்னவெல்லாம் மறைத்திருக்கிறார்கள் என்பதாகத்தான் இருக்கும். நேரில் பேச வாய்ப்பில்லை என்றால் போனில், அதுவும் முடியாது என்றால் உங்கள் ராத்தா (அக்கா) வழியாக. நீண்ட பீடிகை வேண்டாம். "சின்ன வயசிலேருந்து தூங்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் தலையை ஆட்டுற பழக்கம் எனக்கு இருக்கு. டாக்டர்கிட்ட காட்டினேன், வலிப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க. தூக்கம் வந்ததும் நின்னுடும். உங்க தூக்கம் கெட்டா சொல்லுங்க, நான் தனி மெத்தை போட்டுக்கிறேன்." இவ்வளவு போதும். மருத்துவரைப் பார்த்துவிட்டுப் பேசினால்தான் இரண்டாவது வரியை நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல முடியும், அதனால் முதலில் அங்கே போய் வாருங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? வலிக்கும். ஆனாலும் திருமணத்துக்குப் பிறகு இரவு முழுக்க விழித்துக் கிடந்து மறைப்பதைவிட அந்த வலி சின்னது என்றே நான் நினைக்கிறேன். என் அனுபவத்தில், இப்படிச் சொன்னவர்களின் வீட்டில் கேட்கப்பட்ட முதல் கேள்வி பெரும்பாலும் "வலிப்பு இல்லையே?" என்பதுதான்.

கடைசியாக, பிறக்கப்போகும் பிள்ளைக்கு வருமா என்று கேட்டிருந்தீர்கள். குழந்தைப் பருவத்தில் ஆடுவது எந்தக் குழந்தைக்கும் வரக்கூடியதுதான், உங்கள் பிள்ளை ஆடினால் அது உங்களிடமிருந்துதான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பேச்சு, பார்வை, பெயர் சொன்னால் திரும்புவது, மற்றவர்களோடு விளையாடுவது எல்லாம் வயதுக்கு ஏற்றபடி இருந்தால் ஆட்டம் மட்டும் ஆட்டிசத்துக்கு அடையாளம் ஆகாது. அவற்றில் குறை தெரிந்தால், ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி கட்டில் விளிம்பில் படுக்க வைக்காதீர்கள், தலை முட்டுகிற இடத்திலிருந்து கட்டிலைத் தள்ளிப் போடுங்கள், கையைப் பிடித்து நிறுத்தவோ அதட்டவோ வேண்டாம், வருகிறவர் போகிறவரிடம் காட்டிச் சிரிக்கவும் யாரையும் விடாதீர்கள்.